வாவிக்குள் கொட்டிய மண்

பெப்ரவரி 12, 2024

தடையுத்தரவு கிடைத்துவிட்டது. ஏறாவூர் வாவிக்கரையில் ஹோட்டல் கட்டுகிறவர்கள் கண்டல் மரங்களை வெட்டி மண் கொட்டுவதை உடனே நிறுத்த வேண்டும். கரையோர நிலத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று வாதாடியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இப்படியொரு உத்தரவு அபூர்வம். வழக்காளி அசனார் காக்கா, இறால் பிடிப்பவர், நீதிமன்ற வாசலில் கேட்டார்: "இனி எங்கட தோணியக் கரையில கட்டி வைக்க ஏலுமா மிஸ்?"

ஓம் என்றேன்.

தம்பி றுமைஸுக்குச் சொல்ல அழைத்தேன். வெலிக்கந்தைப் பக்கம் பெக்கோ, மண் அள்ளும் இயந்திரம், ஓட்டுவதாகச் சொல்லியிருந்தான். எடுக்கவில்லை.

பெப்ரவரி 15

மண் லொறிகள் மறுபடியும் வந்தன. அசனார் காக்காவின் மனைவி நபீஸா அழைத்தாள். "கெதியா வாங்க மிஸ், பொல்லுகளோட நிக்கிறானுகள்." உத்தரவின் பிரதியோடு போனேன்.

எழுத முடியவில்லை. இடது கையால் கிறுக்குகிறேன்.

பெப்ரவரி 17, ஆஸ்பத்திரி

எழுதத்தான் வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே பொய் சொல்லிக்கொள்வேன்.

உத்தரவை நீட்டிய கையிலேயே ஒருவன் இரும்புக் கம்பியால் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மீனவர்களை நிலத்தில் போட்டு மிதித்தார்கள். ஒருவருடைய பல் சேற்றில் வெள்ளையாகக் கிடந்தது. அசனார் காக்கா தன் தோணிக்கு முன்னால் போய் நின்றார். பெக்கோ அவரை நோக்கி வந்தது. நிற்கும் என்று நினைத்தேன் — நிற்கவில்லை. தோணியும் அவருடைய காலும் ஒன்றாக நொறுங்கின. நபீஸா இரண்டு கையாலும் பெக்கோவின் சில்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஓட்டியவன் றுமைஸ்.

என் தம்பி. என்னைக் கண்டான். கண்ட பிறகும் கொஞ்ச நேரம் இன்ஜினை அணைக்கவில்லை.

பெப்ரவரி 18

அசனார் காக்காவின் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பெப்ரவரி 19

வாக்குமூலம் எடுக்கப் பொலிஸ் வருவதற்கு முன்பே உம்மா வந்து கட்டிலருகில் இருந்தார். "தூசில ஒண்ணும் தெரியல்லெண்டு சொல்லு மகள். அவன்ட புள்ளைகளப் பாரு."

"ஓட்டினது ஆரெண்டு தெரியுமா?" என்றார் பொலிஸ்காரர்.

சொன்னேன். பெயர், வாப்பாவின் பெயர், முகவரி. எங்கள் வீட்டு முகவரி. உம்மா எழும்பிப் போய்விட்டார்.

நான் செய்தது சரியா? வேற என்னத்தச் சொல்ற? அந்தக் காலைப் பாத்த கண்ணோட வேற என்னத்தச் சொல்ற?

மார்ச் 6

பட்டப்பகலில் ஹோட்டல்காரரின் ஆட்கள் வந்து யன்னல்களை உடைத்து, வாசலில் நின்ற என் காரைக் கொளுத்தினார்கள். அயலவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இந்த வழக்குக்கே போகாமல், பேசாம காணி உறுதிப் பத்திரம் எழுதிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 2

மறியல் சிறையில் றுமைஸைப் பார்த்தேன். உள்ளே யாரோ அடித்திருக்கிறார்கள். ஒரு கண் மூடிப்போய் வீங்கியிருந்தது.

"நிப்பாட்டாம ஓட்டு எண்டு ஹோட்டல் கட்டுற கொந்தராத்துக்காரன் கத்தினான் ராத்தா. நான் ஓட்டினன்." பிறகு கேட்டான்: "என்ட பேர ஏன் சொன்னீங்க?"

"நீ ஏன் ஓட்டின?"



ஜூன் 11, 2025

றுமைஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஓட்டச் சொன்னவனின் பெயரையும் நீதிமன்றத்தில் சொன்னான். அவனையும் பிடித்தாயிற்று. தம்பிக்குச் சிறைத்தண்டனை. உம்மா என்னைப் பார்க்காமலே கடந்து போனார்.

ஓகஸ்ட் 20

கொட்டிய மண்ணை அள்ளிக் கரையைப் பழையபடி ஆக்க வேண்டும் என்பது வாவி வழக்கின் இறுதித் தீர்ப்பு. இன்று அதற்காக ஒரு பெக்கோ வந்தது. இன்ஜின் உறுமியதும் அசனார் காக்கா ஊன்றுகோலை விட்டுவிட்டுக் குப்புற விழுந்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டார்.

நபீஸா என்னிடம் வந்தாள். "மெசின அனுப்பிருங்க மிஸ். நாங்க கையால அள்றம்."

அனுப்பினேன். மீனவர்கள் மண்வெட்டி கொண்டுவந்தார்கள். முறிந்து பொருந்திய என் கைக்கு மண்வெட்டி பிடிபடவில்லை. நபீஸா ஒரு கூடையை நிரப்பி என் தலையில் தூக்கி வைத்தாள்.