நான்கு ஈயக் குண்டுகள்

குளியலறைக் குழாய் நேற்றிலிருந்து ஒழுகுகிறது. அதற்குப் போட ரப்பர் வாசர் ஒன்று தேடிப் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். வாசர் இல்லை. கிரீஸ் மணம்தான் வந்தது. உம்முடைய ஈயக் குண்டுகள் நான்கும், அவற்றுக்கு அடியில் என் பயிற்சிக் கொப்பியும் கிடந்தன. போய்ச் சேர்ந்த பிறகும் என் வேலையைக் குழப்புகிறீர்.

அவற்றை ‘எடை’ என்று சொல்வோம் என நான் தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டேன். பீவீசி குழாயில் இரண்டடி நீளத்துக்கு நாம் செய்த ரிமோட் நீர்மூழ்கிக் கப்பல் தண்ணீரில் சாயாமல் நிற்க, அதன் வயிற்றுக்குள் வைத்த மீன்பிடி ஈயங்கள் அவை. யுத்த காலம். வெள்ளவத்தையில் இரண்டு தமிழர், கையில் ஒரு ரிமோட். வாயிலாவது கவனம் வேண்டாமா?

“எடை எண்டால் மரக்கறிக் கடைக்காரன்ர கதை, ஐசே. குண்டு எண்டால் குண்டுதான்” என்றீர்.

நான் கொப்பியில் வேலைகளை இலக்கமிட்டு, யார் செய்வது என்றும் எழுதி, முடிந்ததற்குச் சரி போடுவேன். நீர் அதே கொப்பியின்மேல் தேநீர்க் கோப்பையை வைப்பீர்.

அந்த ஞாயிறு காலை, ஹெந்தளையில் உம் தங்கை வீட்டுக்குப் பின்னாலிருந்த குட்டையில் கப்பலை ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டோம். நான் பையுடன் காலி வீதி என்ற அந்தப் பெருந்தெருவில், பஸ் தரிப்பிடத்தில் காத்து நின்றேன். வீதியின் எதிர்ப்பக்கம் வந்த நீர், பஸ் இரைச்சலுக்கும் மேலாகக் கத்தினீர்:

“ஐசே! குண்டெல்லாம் வைச்சிட்டீரே? நாலும் இருக்கோ?”

தரிப்பிடத்தில் நின்றவர்கள் என்னைவிட்டு விலகியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பின்னால் நின்ற பொலிஸ்காரருக்கு அந்த ஒரு தமிழ்ச் சொல் நன்றாகத் தெரிந்திருந்தது.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் குழாயையும் வயர்களையும் ரிமோட்டையும் மேசையில் பரப்பினார். உள்ளே போட்டால் எப்போது வெளியே விடுவார்கள் என்று எவரும் சொல்ல முடியாத காலம். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். நீரோ கலியாண வீட்டுக்கு வந்தவர்போல, “ஓட்டிக் காட்டுறம் சேர்” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டீர்.

முற்றத்தில் வாகனம் கழுவும் சீமெந்துத் தொட்டி இருந்தது. கப்பல் அதில் ஒரு சுற்றுப் போனது. மூழ்கியது. பிறகு குமிழிகள் மட்டும் மேலே வந்தன.

“இது தண்ணிக்குள்ள தாண்டு போச்சே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நீர்மூழ்கிதானே சேர். தாழுறதுதான் அதின்ர வேலை.”

அவர் சிரித்துவிட்டார். இதைக்கொண்டு இவர்கள் எதைத் தகர்க்கப் போகிறார்கள் என்று கேட்டு, ஈரக் குழாயை என் கையில் தந்து இருவரையும் அனுப்பினார்.

வெளியே வந்ததும் உம்மைத்தான் ஏசினேன். மோட்டர்த் தண்டு வெளியே வரும் துளையில் கிரீஸ் பூசாததால் தண்ணீர் உள்ளே போயிருந்தது. அது உம்முடைய பொறுப்பு என்றே நான் நம்பியிருந்தேன். “மறந்து போச்சு, ஐசே” என்றீர். அதன்பின் எத்தனை வருடம் அதைச் சொல்லிக் காட்டினேன்! உம் மகளின் கலியாணப் பந்தியில்கூடச் சொன்னேன். “ஓம், என்ர பிழைதான். ஆனா அது ஒழுங்கா ஓடியிருந்தா நாங்கள் உள்ள இருந்திருப்பம்” என்று சிரித்தீர்.

இன்று அந்தக் கொப்பியைப் புரட்டினேன். உமது தேநீர்க் கறை வட்டத்தின் நடுவில் பதினேழாவது வேலை: ‘தண்டுக்குக் கிரீஸ் – நான்.’ என் கையெழுத்து. மற்றப் பதினாறுக்கும் சரி போட்டிருக்கிறேன். அதற்கு இல்லை.

கோப்பையை எடுக்கும்போதெல்லாம் அந்த வரி உமது கண்ணில் பட்டிருக்கும். தெரிந்துகொண்டா இவ்வளவு பேச்சு வாங்கினீர்? ஒருநாளாவது, ‘ஐசே, கொப்பியைப் பாரும்’ என்று சொல்லியிருக்கக் கூடாதா? இனி நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

வாசர் வாங்கக் காலி வீதிக்குப் போகவேண்டும். குண்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டிருக்கிறேன். என்ன அது என்று எவராவது கேட்டால், எடை என்று சொல்லமாட்டேன். குண்டு என்றுதான் சொல்வேன். மெல்லிய குரலில்தான்.