எடுத்துக் கொடுக்காத வசனம்

ஜனவரி 11, 1937

அம்மா வேஷம் எனக்கில்லை. இந்த அமெரிக்கச் சுரங்க ஊரில், எங்கள் ஃபின்லாந்துக்காரர் மன்றத்தில் நாடகம் போடுகிற நீமி, அதைத் தபால்காரர் மனைவிக்குக் கொடுத்துவிட்டார். எனக்குக் கிடைத்தது மேடைக்கு முன்னால் உள்ள குழி. அதில் உட்கார்ந்து, வசனம் மறப்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். "ஹில்யாக்கா, எல்லாரும் சுரங்கத்துலேர்ந்து நேரா ஒத்திகைக்கு வர்றாங்க. மனப்பாடம் பண்ண ஏது நேரம்? உங்க வாய நம்பித்தான் நாடகமே" என்று குழைகிறார். பள்ளிக்கூடம் போகாமல், மன்றத்து அலமாரி நாவல்களை எழுத்துக்கூட்டிப் படித்தே கற்றுக்கொண்டவள் நான். என்னைக் குழிக்குள் இறக்கியாயிற்று.

ஜனவரி 14

நாவலும் நாடகமும் வாழ்க்கையைச் சொல்லித் தருமாம். நீமியின் பிரசங்கம். எனக்கு எப்போதோ சொல்லித் தந்துவிட்டன: எந்த நாவலைத் திறந்தாலும், அநியாயம் செய்யப்பட்டவள் என் சாயலில்தான் இருக்கிறாள். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு என் புருஷன் ஐனோவை எந்தச் சுரங்கத்திலும் சேரவிடாமல் செய்த மேஸ்திரி — அவன் மகனைத்தான் என் மகள் லெம்பி கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. போவேனா?

ஜனவரி 16

டுலூத் நகரத்திலிருந்து லெம்பியின் தபால் அட்டை. அடுத்த மாதம் ஏழாம் தேதி வருகிறாளாம்.

வரட்டும். போன தடவை வாசலில் நின்று, "அம்மா, நான்..." என்று இழுத்தாள். "என்ன, துரத்திட்டானா?" என்று கேட்டேன். அப்படியே திரும்பிப் போய்விட்டாள். இந்த முறை கேட்க இன்னும் நிறைய வைத்திருக்கிறேன்.

ஜனவரி 20

ஒத்திகையில் அவமானம். மூன்றாம் அங்கத்தில், ஓடிப்போன மகள் வீடு திரும்புகிறாள். சைமிக்கு அந்த வேஷம். கதவருகே நின்று "அம்மா" என்றாள்; அதோடு நின்றுவிட்டாள். எடுத்துக் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை. உரக்கக் கொடுத்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், "அக்கா, பேசாம நீங்களே மேல ஏறி நடிச்சிடுங்க" என்றான். ஒரே சிரிப்பு.

சைமி குழியருகே வந்து குந்தினாள். கோபப்படவில்லை. "வசனம் எனக்குத் தெரியும்க்கா. கதவுகிட்ட நிக்கிற அந்தப் பொண்ணுக்குத்தான் தெரியல."

என்ன திமிர்!

ஜனவரி 21

அந்தப் பொண்ணுக்குத்தான் தெரியல. — ரொட்டியைக் கருகவிட்டேன்.

ஜனவரி 30

நாடகம் முடிந்து இப்போதுதான் வந்தேன். உட்கார முடியாமல் நின்றுகொண்டே எழுதுகிறேன். அந்த இடம் வந்தது. சைமி நின்றாள். வசனம் என் நாக்கு நுனியில். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மன்றம் முழுக்க ஒரு இருமல் இல்லை. முரட்டுச் சுரங்கக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்! பிறகு அவளே பேசினாள். நான் பத்து முறை படித்த அதே வரிதான். இன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். இத்தனை வருஷம் எத்தனை நாவல்! ஒன்றிலாவது அந்த மகள் பக்கம் திரும்பிப் பார்த்தேனா? எல்லாவற்றையும் மறுபடி படிக்க வேண்டும். நாளைக்கே தொடங்க வேண்டும்.

தபால்காரர் மனைவி சுமாராக நடித்தாள்.

பிப்ரவரி 7

பனியைத் தட்டிவிட்டு வாசலில் நின்றாள் லெம்பி. "அம்மா, நான்..."

கேட்க வைத்திருந்ததெல்லாம் வரிசையாக வாய்க்கு வந்தது. விழுங்கினேன். காபிக்குத் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கொதித்தபோது அவளே பேசினாள்.

"கல்யாணத்தன்னிக்கு முன்வரிசையில உனக்கு நாற்காலி போட்டிருந்தேன்மா. கடைசிவரைக்கும் யாரையும் உக்கார விடல."

இது என் கையில் இருந்த எந்த வசனத்திலும் இல்லை.

மேஸ்திரி குடும்பத்தை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். மேஸ்திரி மகன் வெளியே வண்டியிலேயே குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். லெம்பியிடம் ஒரு கோப்பை காபி கொடுத்தனுப்பினேன். எங்கள் வழக்கப்படி பல்லில் கடித்துக்கொண்டு குடிக்க ஒரு சர்க்கரைக்கட்டியும்.