உன் அண்ணனுக்கு வந்த பெயர்

அன்பு மகன் கின்ரிக்குக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அந்த நார்மண்டிச் சேற்றில் கை கால் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். உன் கடிதம் அறுவடை முடிந்த வாரம் வந்தது. அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன், நீ ஒருத்தன் பல்லை உடைத்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன், ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்தே எதையோ முழுங்கிட்டீங்க, அதையும் படிங்க என்று பிடித்துவிட்டாள். இங்கே மழை விடவில்லை, ஓட்ஸில் பாதி நின்ற இடத்திலேயே அழுகிப்போயிற்று, சிவப்புப் பசு போட்ட கன்று மூன்றாம் நாள் செத்தது. எனக்கு இருமலில் இரத்தம் வருகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை, துணி துவைப்பவள் அவள், தெரியாமலா இருக்கும். அதனால் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடாமல் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நம் பக்கத்திலிருந்து புதிதாக வந்த வில்லாளி ஒருவன், உன் அண்ணன் யோர்வெர்த் தன் எசமான் ஓவைனை நட்டாற்றில் விட்டு ஓடிப்போய் ஆங்கிலேய அரசரிடம் மன்னிப்பு வாங்கினான், ஷ்ரூஸ்பரியில் காய்ச்சலில் கிடந்து செத்தான் என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னான், நீ அவன் முகத்தில் குத்தினாய், உன்னை மூன்று நாள் தண்டனைக் கட்டையில் காலைப் பூட்டி வைத்தார்கள், இது பொய்தானே அப்பா என்று கேட்டிருக்கிறாய். பொய்தான். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். பாதிரியார் ஹவெல் முன்னால் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொன்னேன்.

நீ கப்பல் ஏறிய வருடம் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். வேல்ஸின் இளவரசர் என்று நாம் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஓவைன் எசமானுக்குக் கடைசியில் மிஞ்சியது ஆறு பேர். ஆங்கிலேய அரசரின் ஆட்கள் அவர் வீட்டைக் கொளுத்தினார்கள், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள், கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக மன்னிப்புச் சீட்டு வாங்கப் போனார்கள். வயிறு இருக்கிறதே, யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன், நீ அந்த அரசர் சம்பளத்தில் வில் பிடிக்கப் போனபோதும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யோர்வெர்த் போகவே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவன் ஆளனுப்பி, மண்வெட்டியோடு வரச் சொன்னான். நான் போனபோது எசமான் மூச்சு அடங்கி அரை நாள் ஆகியிருந்தது. உன் அண்ணன் தொடையில் பட்ட அம்புக்காயம் சீழ் பிடித்து, உடம்பு அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது, அப்படியும் அவன்தான் தலைமாட்டில் பிடித்துத் தூக்கினான். விடிவதற்குள் அவனும் போய்விட்டான். உறைந்த மண், கடப்பாரை பட்டால் பொறி பறக்கிறது, இரண்டாவது குழி வெட்ட எங்களுக்குத் தெம்பும் இல்லை, நேரமும் இல்லை. இரண்டு பேரையும் ஒரே குழியில் வைத்தோம். இடத்தைக் கேட்காதே. சொல்வதில்லை என்று நாங்கள் நான்கு பேர் சத்தியம் செய்தோம், அதில் இரண்டு பேர் இன்று இல்லை. ஆங்கிலேயர் கோட்டைக் காரியஸ்தனுக்குத் தெரிந்தால் தோண்டியெடுத்து நான்கு துண்டாக்கி நான்கு ஊர் வாசலில் தொங்கவிடுவார்கள்.

ஊரில் யாரும் எசமான் செத்தார் என்று நம்புவதில்லை. மலைக்குள் இருக்கிறார், மகள் வீட்டில் கிழட்டுச் சாமியார் வேஷத்தில் இருக்கிறார் என்று ஆளுக்கொரு கதை. தெருவில் நின்று ஓவைன் என்று கூப்பிட்டால் ஏழு பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். போன மாதம் சந்தையில் ஒரு ஆங்கிலேயத் துணி வியாபாரி, என்னம்மா, உங்க ஓவைன் கிளிந்தூர் ராஜா எந்தப் பொந்துல பதுங்கியிருக்காரு என்று பாலாடைக்கட்டி விற்கிறவளிடம் கேட்டான். அவள் தலை நிமிராமல், ராத்திரி நீங்க படுக்குமுன்னாடி கட்டிலுக்கு அடியில ஒரு தடவை குனிஞ்சு பாத்துக்குங்க சாமி என்றாள். சந்தையே சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. கையில் ஆயுதம் கூடாது, ஊருக்குள் நிலம் வாங்கக் கூடாது, நாலு பேர் கூடக் கூடாது என்று எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகு நம் ஜனங்களிடம் அந்தச் சிரிப்பு ஒன்றுதான் பாக்கி. அவர் எங்கே கிடக்கிறார் என்று தெரிந்த அன்றைக்கு அதுவும் போய்விடும். நான் அந்தக் கூட்டத்தில் நின்று அவர்களோடு சிரித்தேன், அந்தக் குழி மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

இப்போது உன் அண்ணி நெஸ்டா விஷயம். ஐந்து வருடம் அவள் புருஷன் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நாங்களும் பார்க்க விட்டோம். அது எங்கள் பாவம். செத்தான் என்று சொன்னால் எங்கே, யார் புதைத்தது என்று கேட்பார்கள், அவன் எசமானின் நிழல் என்று ஊருக்கே தெரியும், அவன் கிடக்கும் இடம்தான் அவர் கிடக்கும் இடம் என்று காரியஸ்தனுக்குக் கணக்குப் போடத் தெரியாதா. வசந்தத்தில் ஒரு நாள் வந்து அம்மா காலடியில் உட்கார்ந்து, அத்தை, ஒளிச்சு என்ன ஆகப்போகுது, எனக்கு ரெண்டு மாசம் என்றாள். ஆட்டுக்காரன் டெகின் பிள்ளை. மனைவி செத்தவன், நல்லவன், அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறான். பாதிரியாரோ, அவ புருஷன் செத்ததுக்குச் சாட்சி கொண்டா, இல்லாட்டி நான் எப்படித் தாலிமோதிரம் போடச் சொல்லுவேன், கோயில் விசாரணைக்குத்தான் அனுப்பணும் என்று கையை விரித்துவிட்டார். அவளுக்குக் கசையடியும் பிள்ளைக்குக் கெட்ட பெயரும் நிச்சயம். மூன்று நாள் யோசித்தேன். யோர்வெர்த் செத்தான் என்று சொல்ல வேண்டும், ஆனால் எசமான் பக்கத்தில் சாகவில்லை என்றும் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. முதலில் அவனை அவரிடமிருந்து ஓடிப்போக வைத்தேன், பிறகு சாகவைத்தேன். ஷ்ரூஸ்பரியில் அவன் உயிர் போகும்போது கூட இருந்தேன், வெட்கத்தால் இத்தனை வருடம் மறைத்தேன் என்றேன். பாதிரியார் நம்பினார். வெட்கத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. அவர் காரியஸ்தனோடு சேர்ந்து குடிப்பவர், அதனால் அந்தப் பொய்ச் சத்தியத்தைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இறக்கிவைக்க முடியாது, கட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் நெஸ்டா வந்து யோர்வெர்த் போட்ட மோதிரத்தைக் கழற்றி அம்மா கையில் வைத்தாள். அழவில்லை. ஒரு கோழைக்காகவா நான் அஞ்சு வருஷம் ராத்திரி ராத்திரியா ஜெபம் பண்ணேன், நீங்களாவது முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே மாமா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை, உண்மையைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அம்மா அகப்பையை என் கையில் திணித்து, கஞ்சி அடிப்பிடிக்குது, போய்க் கிண்டுங்க என்று தள்ளிவிட்டாள். நான் கிண்டினேன். பானையில் கஞ்சியே இல்லை, வெறும் தண்ணீர்தான் கொதித்தது. நெஸ்டாவுக்கு இப்போது ஆண் குழந்தை, சுகமாக இருக்கிறாள், பெயர் ஓவைன்.

போன ஆத்துமாக்கள் திருநாளில் பாதிரியார் செத்தவர்கள் பெயரை வாசித்தார். யோர்வெர்த் பெயர் வந்ததும் கோயிலில் இருந்த ஆண்கள் எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். எசமானோடு சண்டைக்குப் போய் விரல் இழந்தவர்கள், பிள்ளை இழந்தவர்கள், எல்லோரும் நல்லவர்கள், உன் அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் அவனும் அப்படித்தான் போயிருப்பான். நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் கவனிப்பார்கள். நானும் எழுந்து போனேன், கின்ரிக். என் பிள்ளை பெயருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மழையில் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒருவர், நீ என்ன பண்ணுவே மெய்லிர், பெத்தவன் கையில என்ன இருக்கு என்று தோளில் தட்டினார். உன் அம்மா உள்ளேயே முழங்காலில் இருந்தாள். பெண்பிள்ளை என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு உதவி கேட்கிறேன். இந்தத் தேசத்தில் அவனுக்காக மனசாரப் பூசை வைக்க எனக்கு ஒரு கோயில் இல்லை. அங்கே நம் பேச்சு தெரியாத ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரைப் பார்த்து, செத்துப்போன இரண்டு பேருக்குப் பூசை வைக்கச் சொல். யோர்வெர்த், ஓவைன் என்று இரண்டு பெயர் மட்டும் கொடு. கேட்டால் அண்ணன்மார் என்று சொல். ஒரே மண்ணில் கிடக்கிறார்கள், அது பொய் ஆகாது. இதைக் கொண்டுவரும் மடத்து ஊழியருக்கு எழுத்து தெரியாது, அங்கியின் உள்மடிப்பில் அம்மா தைத்துக் கொடுத்திருக்கிறாள். படித்ததும் அடுப்பில் போடு, பாதி எரிந்ததும் போய்விடாதே, கடைசிவரை நின்று பார். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புகிறாள், காலை ஈரமாக வைத்துக்கொள்ளாதே, கண்ட தண்ணீரைக் குடிக்காதே. ஆண்டவரும் மாதாவும் உன்னைச் சுற்றி நின்று காக்கட்டும், நான் இல்லாமல் போனாலும் என் ஆசீர்வாதம் உன் தலைமேல் இருக்கும்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். நீ அடிக்க அடிக்க, இவன் ஏன் இப்படிச் சண்டை போடுகிறான், இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று எவனாவது தோண்ட ஆரம்பிப்பான். அந்த வில்லாளியிடம் போய் மன்னிப்புக் கேள். இனி யார் யோர்வெர்த்தை ஓடிப்போனவன் என்றாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆமா, ஓடிப்போனவன்தான் என்று சொல். முதல் தடவை சொல்வதுதான் கஷ்டம். அம்மாவும் போன வாரம் கிணற்றடியில் அப்படியே சொல்லிவிட்டாள்.

உன் அப்பா,
மெய்லிர்