வெள்ளியை வியாழனாக்கிய திருத்தம்

ஆசிரியரே,

உங்கள் மேசையைக் காலி செய்யச் சொல்லி உங்கள் மனைவி கூப்பிட்டதால், இன்று காலை பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ் ஏறினேன். கோப்புகளின் மேல் அந்த நத்தைக்கல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. என்றோ கடலில் வாழ்ந்து கல்லாகிப்போன நத்தை; சுண்ணாம்புச் சுரங்கத்தில் நீங்கள் பொறுக்கியது. "இங்க கடல் இருந்துச்சுன்னா நம்புறான். இனிமே கடல் வரும்னா கதை விடாதேங்கிறான்" என்று அதைத் தட்டிக்காட்டுவீர்கள்.

சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் வேலை, மிச்ச நேரமெல்லாம் அறிவியல் புனைகதை இதழ் என்று வாழ்ந்தீர்கள். வாசகர்களைவிட எழுத்தாளர்கள் அதிகமாக இருந்த இதழ். அதற்கு ஒரே சட்டம்: எதிர்காலக் கதையும் இறந்தகாலத்தில்தான் வர வேண்டும். 'வருவான்' என்று எழுதியிருந்தால் சிவப்புப் பேனாவால் 'வந்தான்' ஆக்குவீர்கள். "இறந்தகாலத்துல போட்டாத்தான் நம்புவாங்க, புலவரே." சந்திப்பிழை பார்ப்பவன் என்பதால் நான் உங்களுக்குப் புலவர்.

கடைசியாக வந்த இதழுக்கு நீங்களே ஒரு கதை எழுதினீர்கள். ஓர் ஆசிரியர் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகும் பஸ்ஸில் இறந்தார்; மறுநாள் இதழ் வந்தது. ஆனால் அதே கதையின் முதல் பத்தியில் இதழ் வந்த நாளும் வெள்ளிக்கிழமை என்றே இருந்தது. போனில் கேட்டேன்.

"சார், அவர் செத்தது வெள்ளியா, வியாழனா?"

"ரெண்டும் கிரகந்தானே, எதையாச்சும் போடுங்க. செத்தவன் வந்து கேக்கவா போறான்?"

அவர் செத்த நாளை வியாழன் என்று திருத்தினேன். விட்டுப்போன ஒற்று ஒன்றையும் சேர்த்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை நீங்கள் அச்சகத்துக்கு வருவதாக இருந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். எல்லாரும் இறங்கிய பிறகும் ஜன்னலோரம் நீங்கள் சாய்ந்திருந்தீர்கள். "பெரியவரே, ஸ்டாண்டு வந்துடுச்சு, எறங்குங்க" என்று கண்டக்டர் தோளைத் தொட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். கிழமைக்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை, இதழ் வந்தது. ஒரு பிழைகூட இல்லை.

கதையில் இதழ் வந்த நாளைச் சனியாக்கி, சாவை வெள்ளியிலேயே விட்டிருக்கலாம். அப்படி விட்டிருந்தால் அந்த இதழை நீங்கள் கையில் வாங்கியிருப்பீர்களா? படித்தவன் கேட்கும் கேள்வி இல்லைதான். தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று அந்தக் கல்லைத் தூக்கினேன். அடியில் அடுத்த இதழுக்கான கதை, உங்கள் கையெழுத்தில், ஒரே வரியோடு நின்றிருந்தது: 'இதழின் பிழைதிருத்துபவர் ........கிழமை இறந்தார்.' ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'புலவரே, நாளை நீங்களே போடவும்.'

எந்தக் கிழமை என்று என்னையே நிரப்பச் சொன்னீர்களா, அல்லது நாளைக்கே என்றீர்களா? இலக்கணப்படி இரண்டும் சரி.

கிழமையை நிரப்பவில்லை. உங்கள் சட்டத்தை முதல்முறையாக மீறி, 'இறந்தார்' என்பதை 'இறப்பார்' என்று திருத்தினேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். பெரம்பலூர் பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலோர இடம் வேண்டாமென்று நின்றுகொண்டே வருகிறேன். எதிர்காலத்தில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்பீர்களே, அந்த ஒரு நம்பிக்கையில்தான்.