பைலுக்கு நரம்பு இல்லை, அப்பா

என் அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களோடு எனக்குக் கோபம். அம்மாவோடும் கோபம், என்னோடும்தான். வீட்டில் வாய் திறந்தால் அழுகையில் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

வருகிற திங்கட்கிழமை பெரியப்பாவுக்குக் கிளினிக். ஓம், உங்கள் அண்ணனுக்கும் நுரையீரலில் அதே புற்றுநோய். அம்மா அவருடைய ஆஸ்பத்திரிப் பைலை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ மட்டும் போய்க் காட்டிட்டு வா மனே. அவருக்குச் சளி எண்டுதான் சொல்லியிரிக்கு. அந்தச் சொல்லு காதில விழுந்தா மனிசன் இடிஞ்சு போயிருவார்."

உங்களுக்கும் இதைத்தானே செய்தோம்? நோயாளியை ஆரையம்பதி வீட்டில் இருத்திவிட்டு, பைலை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினோம். கட்டியிலிருந்து கழன்று இரத்தத்தில் ஓடும் புற்றுநோய்க் கலங்களை எண்ணுகிற ஓர் ஆய்வுக்காக, மருந்து ஏற்றுமுன் உங்களிடம் கொஞ்சம் இரத்தம் கேட்டிருந்தார்கள். நான் பைலை நீட்டினேன்.

"பைலுக்கு நரம்பு இருக்கா தங்கச்சி? ஊசிய எங்க குத்துற? ஆளைக் கூட்டி வாங்க" என்றார் டொக்டர். வரிசையே சிரித்தது. நான் வெட்கத்தில் பைலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டிலும் சொல்லவில்லை. பிறகு சளிக்கென்று சொல்லி உங்களைக் கூட்டிப்போய் மருந்து ஏற்றத் தொடங்கியதும், இரத்தம் எடுக்கும் அந்தத் தவணை போய்விட்டது.

இப்போது வந்தாறுமூலையில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அந்த ஆய்வுகளை வாசிக்கிறேன். இரத்தத்தில் அந்தக் கலங்கள் கூடுதலாக இருந்தால் நோய் வேகமாகப் பரவக்கூடும். மருந்துக்குப் பிறகு குறைந்தால் கொஞ்சம் நம்பலாம். அது யாருக்கும் நாள் குறித்துத் தராது. உங்களைக் காப்பாற்றியிருக்கும் என்றும் நான் சொல்லவில்லை.

ஆனால் நீங்கள் கேட்டீர்களே, "மாரி முடிய வள்ளத்த இறக்கலாமா மனே?" என்று. "சளி கரைஞ்சா இறக்கலாம் அப்பா" என்றேன். "படிச்ச புள்ள சொல்லுது" என்று இருமி இருமி வள்ளத்துக்குத் தார் பூசினீர்கள். மிச்சமிருந்த மூச்சையெல்லாம் அந்தப் பலகைக்கா கொடுத்தீர்கள்? ஏன் இன்னொரு தரம் கேட்கவில்லை? ஏன் என்னை இவ்வளவு நம்பினீர்கள்?

இந்த முறையும் இரத்தம் கேட்டிருக்கிறார்கள். சம்மதக் கையெழுத்தைப் பெரியப்பாவேதான் வைக்க வேண்டும். நேற்று அவரிடம் போய் நோயின் பெயரைச் சொன்னேன். அவர் இடிந்து போகவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப தம்பிக்கும் இதுதானா? செத்த வீட்டிலயும் என்னட்டச் சளி முத்தினது எண்டுதானே சொன்னாய்?"

"ஓம், பெரியப்பா" என்றேன்.

"சரி, எத்தின மணி பஸ்?" என்றார்.

அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். இருக்கட்டும்.

திங்கட்கிழமை பைல் பெரியப்பாவின் மடியில் இருக்கும். இரத்தத்தில் எது வந்தாலும், அவர் கேட்டால் சொல்லுவேன். தெரியாததைத் தெரியாது என்பேன். சளி என்ற சொல்லை இனிச் சளிக்கு மட்டும் வைத்துக்கொள்வேன், அப்பா.

நீங்கள் நம்பிய,
உங்கள் படித்த மகள்