ஓடைக்கரையில் வைத்த மாவிளக்கு

ஆடி 6, செவ்வாய்
காலையிலிருந்து காற்று. மழை இல்லை. காயவைத்த மிளகாய் பாதி பறந்துபோச்சு. பால் கணக்கு முடித்தாச்சு.

ஆஸ்திரேலியாவிலிருந்து மகள் கவிதா போன். ஏழாம் மாசம், காலில் வீக்கம். புது வூட்டுக்குப் பின்னாலேயே ஓடையாம். கூட வேலை பார்க்கும் நர்ஸ் டோரிஸ் அம்மா அந்த மண்ணின் பூர்வகுடி. வூடு பார்க்க வந்த அந்தம்மா வாசல் தாண்டலையாம். ஏன்னு கேட்டதுக்குச் சொன்னாங்களாம்:

"வெள்ளைக்காரங்க முதல்ல வந்தப்ப, எங்க சனத்தை இந்த ஓடையிலதான் கொன்னாங்க. குழந்தை குட்டியோட."

"அது எப்பவோ நடந்ததும்மா" என்கிறாள் கவிதா. காரியம் செய்ய ஆளில்லாமல் போன உயிருங்க. பக்கத்தில் வயித்துப் பிள்ளைக்காரி.

ஆடி 7, புதன்
தூக்கமில்லை. மாரியாத்தா, பார்த்துக்கோ. வூட்டுக்காரரிடம் சொன்னேன். "அங்க பேய்க்கும் விசா வேணும்டி" என்கிறார். சிரிப்பு வரலை.

க.விடம் சொன்னது: நாளைக்கு அமாவாசை. மாவும் வெல்லமும் பிசைஞ்சு, குழி பண்ணி, நெய் ஊத்தி விளக்கேத்து. ஓடைக்கரையில வை. பசி ஆறட்டும்.

"அரிசி மாவு இல்லம்மா, மைதாதான்."

பரவாயில்லை என்றேன்.

ஆடி 8, வியாழன். அமாவாசை
காக்கை உடனே சோறு எடுத்தது. க. படம் அனுப்பினாள். இலைமேல் மாவு, சுடர். மனசு கொஞ்சம் லேசு.

ஆடி 9, வெள்ளி
கோயிலுக்குப் போகலை.

க. அழுதுகொண்டே போன். டோரிஸ் அம்மா இலையைப் பார்த்துவிட்டாங்க. யார் வெச்சது, எதுக்குன்னு கேட்டாங்க. செத்தவங்களுக்குன்னு இவள் சொன்னதும் அங்கேயே உட்கார்ந்துட்டாங்களாம்.

"சுட்டது பாதிப் பேரைத்தான். மீதிப் பேருக்கு மாவு குடுத்தாங்க. விஷம் கலந்த மாவு. பசியில வாங்கித் தின்னாங்க."

தாயே. திரும்பவும் மாவு. திரும்பவும் வெளியாள் கையால். சொன்னது நான்.

"வூட்டைக் காலி பண்ணுடி."

"இந்த வயித்தோட எங்கம்மா போறது?"

ஆடி 10, சனி
வெயில். பால் பொங்கி வழிந்தது, கவனிக்கலை.

டோரிஸ் அம்மா திரும்ப வந்தாங்களாம். மாவைத் தானே அள்ளி எடுத்துட்டாங்க. க.வை ஓடைக்குக் கூட்டிப்போய், ஒரு கல்லை இவள் அக்குளில் தேய்த்துத் தண்ணீரில் போடச் சொன்னாங்க. புதுசா வந்தவங்க வேர்வை வாசனையை முன்னோருக்குத் தெரியப்படுத்தும் வழக்கமாம். அப்புறம் தண்ணீரைப் பார்த்துச் சத்தமாப் பேசினாங்க.

"என்னன்னு?"

"வயித்துப் பிள்ளைக்காரி, தெரியாம வெச்சிட்டா, விட்டுடுங்கன்னு."

கும்பிட்டேன்.

"வெக்கச் சொன்னது யாருன்னு கேட்டாங்க. எங்கம்மான்னேன். உன் பேர் கேட்டாங்க, சொன்னேன். அதையும் தண்ணியைப் பார்த்துச் சொன்னாங்கம்மா."

நல்லதுக்கா, கெட்டதுக்கா? இவள் கேட்கலையாம்.