பல்சக்கரத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்

ஏலப்பாறை, ஞாயிறு, நவம்பர் 1979

மகன் சிங்கப்பூரிலிருந்து எனக்கு அனுப்பிய ரேடியோ அலையில் ஓடும் பொம்மை டிரக்கை என்னால் பராமரிக்க முடியாது என்பது மாப்பிள்ளையின் எண்ணம். இன்று அது மேடேறாவிட்டால் கொச்சியில் உள்ள தன் வீட்டுக்கே கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தார்.

காலையில் அது நகரவே இல்லை. எங்கள் ஜீப் டிரைவர் செல்லையா அன்போடு பல்சக்கரமெங்கும் ஜீப் கிரீஸை அப்பியிருந்தான். குளிரில் அது மெழுகாக இறுகிவிட்டது.

"வண்டின்னா கிரீஸ் வேணும்லாம்மா?"

"இது ஜீப் இல்லை, செல்லையா."

மண்ணெண்ணெயில் கழுவினேன். பற்களுக்கிடையே காகிதத் துண்டு வைத்து, அதன் தடிமனுக்கு இடைவெளி விட்டு, மோட்டார் திருகை இறுக்கிவிட்டுக் காகிதத்தை உருவினேன். டிரக் தேயிலைச் சரிவில் தயங்காமல் ஏறியது.

மாப்பிள்ளை கைதட்டினார். "இவ்வளவு நல்லா ஓடுறத இங்க வச்சு என்ன அத்தை செய்யப் போறீங்க? என்கிட்ட குடுத்துருங்க."

பேட்டரியைக் கழற்றி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாப்பிடும்போது அவர் ரசம் இரண்டாம் முறை கேட்டார். ஊற்றினேன்.